காற்புள்ளி எங்கே, அரைப்புள்ளி எங்கே?

நான் புரூஃப் பார்க்கும் வேலையில் சேர்ந்த புதிது. அச்சுக் கோக்கும் பிரிவில் இருந்த ஒருவர் முதலாளியிடம் கொடுக்கச் சொல்லித் துண்டுச்சீட்டு ஒன்றை அனுப்பியிருந்தார். கொண்டுவந்த பையன் அதை முதலாளியின் மேசைமேல் வைக்காமல் அறிவிப்புப் பலகையில் குத்திவிட்டான். சீட்டில் இருந்தது ஒரே வரி: "சார் இன்று வேலைக்கு வரவில்லை." முதலாளி வரமாட்டார் என்று புரிந்துகொண்ட நாங்கள் பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விட்டோம். பதினொரு மணிக்கு முதலாளி வந்தார். அதற்குப் பின் நடந்ததை எழுத வேண்டியதில்லை.

அந்த மனிதர் சொல்ல வந்தது "சார், இன்று வேலைக்கு வரவில்லை" என்பதுதான். வராதது அவர்தான். "வருகிறேன்" என்றால் நான் என்று விகுதி சொல்லிவிடும். "வருகிறார்" என்றால் அவர் என்று சொல்லிவிடும். "வரவில்லை" யாரையும் காட்டாது. அந்த இடத்தில் ஆளைக் காட்டிக்கொடுக்க வேண்டிய பொறுப்பு முழுவதும் ஒரு காற்புள்ளியின் தலையில் விழுந்தது. அதுவோ சீட்டில் இல்லை.

கமாவை நம்மில் பலர் ஆங்கில வகுப்பில்தான் கற்றோம். தமிழ்க் கட்டுரையில் காற்புள்ளிக்காக மதிப்பெண் குறைத்த ஆசிரியரை எனக்கு நினைவில்லை. அதனால் தமிழில் எழுத உட்காரும்போது ஆங்கிலத்தில் எங்கே மூச்சு விடுவோமோ அங்கேயே இங்கும் விடுகிறோம். அது சரிப்படாது. ஆங்கிலத்தில் சொல்லின் இடமும் குறியும் செய்கிற வேலையில் பெரும்பகுதியைத் தமிழில் வேற்றுமை உருபும் விகுதியும் எச்சமும் இடைச்சொல்லும் செய்துவிடுகின்றன. அவை கைவிடுகிற இடங்களில்தான் குறிக்கு வேலை. புதிதாக எழுத வருகிறவர் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் கீழே உள்ளதில் முக்கால்வாசியைத் தாமே கண்டுபிடித்துவிடலாம்.

இந்தக் குறிகள் ஏட்டுச்சுவடிகளில் இல்லை. ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் கிழியும் என்பதால் மெய்யெழுத்தின் புள்ளியையே பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். காற்புள்ளிக்கு எங்கே இடம்? செய்யுளுக்கு அடியும் சீரும் இருந்தன. சொற்களை எந்த வரிசையில் கூட்டிப் பொருள் கொள்வது என்பதற்கு நன்னூல் எட்டு வகைப் பொருள்கோளைத் தருகிறது. ஆனாலும் சிக்கல் முன்னோர்களுக்குத் தெரிந்தே இருந்தது. எழுத்து ஒன்றாகவே இருந்தாலும் ஒலிக்கிற முறையால் பொருள் வேறுபடும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் "செம்பொன்பதின்றொடி". செம்பொன் என்று சொல்லி நிறுத்தினால் பத்துத் தொடிப் பொன். செம்பு என்று நிறுத்தினால் ஒன்பது தொடிச் செம்பு. தொடி என்பது ஒரு நிறையளவு. நிறுத்தம் ஓர் எழுத்து இடம் மாறினால் பொன் செம்பாகிவிடுகிறது. அச்சும் உரைநடையும் பரவியபோது ஐரோப்பியக் குறிகள் இங்கே வந்து சேர்ந்தன. அவற்றைத் தமிழ் உரைநடையில் விரிவாகக் கையாண்டு பழக்கியவர்களில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் (1822–1879) முதன்மையானவர். பெயர்களிலேயே நிறுத்தத்தின் அளவு இருக்கிறது: கால், அரை, முக்கால், முழுமை.

இனி வேலைக்கு வருவோம்.

முதலில் வினைமுற்றுகளுக்கு அடிக்கோடு போடுங்கள்

எழுதி முடித்த பத்தியை எடுத்து, பென்சிலால் வினைமுற்றுகளை மட்டும் அடிக்கோடிடுங்கள். வந்தார், இருக்கிறது, நடக்கும், இல்லை என்று முடிகிற சொற்கள். அவற்றுக்குப் பின்னால் காற்புள்ளி நின்றால் பெரும்பாலும் அது தவறு. வினைமுற்று வந்ததும் அந்த வாக்கியம் முடிந்துவிட்டது. முடிந்த வாக்கியத்தைக் கால் அளவு நிறுத்தத்தால் அடுத்த வாக்கியத்தோடு ஒட்ட முடியாது.

"மாமா காலையிலேயே வந்துவிட்டார், அத்தை வரவில்லை, பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கிறது."

இந்த மாதிரி வாக்கியம் என் மேசைக்கு நாள் தவறாமல் வருகிறது. நான் இப்படி மாற்றுவேன்: "மாமா காலையிலேயே வந்துவிட்டார்; அத்தை வரவில்லை. பிள்ளைகளுக்குத் தேர்வு நடக்கிறது." மாமா வந்ததும் அத்தை வராததும் ஒரு தராசின் இரண்டு தட்டுகள், அவற்றுக்கு நடுவே அரைப்புள்ளி பொருந்தும். தேர்வு என்பது வேறு செய்தி, காரணம். அதற்கு முன் முற்றுப்புள்ளி. இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: "பிள்ளைகளுக்குத் தேர்வு நடப்பதால் அத்தை வரவில்லை." "ஆல்" வந்து காரணத்தைச் சுமந்துகொண்டது. குறியே தேவைப்படவில்லை.

விலக்கு ஒன்று இருக்கிறது. "வந்தான், உட்கார்ந்தான், சாப்பிட்டான், போய்விட்டான்." ஒரே ஆள், சிறிய சொற்கள், அடுத்தடுத்து வேகமாக நடந்தவை. இங்கே அரைப்புள்ளி போட்டால் அவன் ஒவ்வொரு வேலைக்கும் இடையில் ஓய்வெடுத்ததுபோல் இருக்கும். காற்புள்ளியே சரி.

பட்டியல்: உம் இருந்தால் குறி எதற்கு?

"அரிசி, பருப்பு, புளி, மிளகாய் ஆகியவற்றை வாங்கினேன்." இது சரி. கடைசிப் பொருளுக்கும் "ஆகிய", "முதலிய" போன்ற சொற்களுக்கும் நடுவே குறி வராது. "அரிசியும் பருப்பும் புளியும் வாங்கினேன்." இதுவும் சரி, இங்கே காற்புள்ளி கூடாது. ஒவ்வொரு சொல்லிலும் ஒட்டியிருக்கிற "உம்" எண்ணும் வேலையைச் செய்கிறது. "அரிசியும், பருப்பும், புளியும்" என்பது ஒரே பஸ்ஸுக்கு இரண்டு டிக்கெட் எடுப்பதுபோல. "டீயோ காபியோ", "நாளைக்காவது மறுநாளாவது" என்பவற்றுக்கும் இதே கணக்கு. ஒவ்வொரு உறுப்பும் நீண்ட தொடராக இருந்து வாசிப்பவருக்கு மூச்சு முட்டினால் மட்டும் காற்புள்ளிக்கு இடம் கொடுக்கலாம்.

உம்மைத்தொகைகளைப் பிரிக்காதீர்கள். தாய் தந்தை, இரவு பகல், வெற்றிலை பாக்கு, சேர சோழ பாண்டியர். இவை பட்டியல்கள் அல்ல, கூட்டுச் சொற்கள். "தாம்பூலத்தில் வெற்றிலை, பாக்கு வைத்தார்கள்" என்று எழுதினால் மளிகைச் சீட்டு வாசனை வந்துவிடும்.

அடுத்து "மற்றும்". "அரிசி, பருப்பு மற்றும் புளி" என்று எழுதுவதை நான் கண்ட இடத்தில் அடிப்பேன். இது என் பிடிவாதம். எல்லோரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. "மேலும்", "பிற" என்ற பொருளில் இருந்த சொல்லை ஆங்கில "அண்ட்"டுக்கு ஈடாக நட்டுவைத்ததால் ஆங்கிலத்தின் தலைவலியும் சேர்ந்து வந்துவிட்டது: "மற்றும்"க்கு முன் காற்புள்ளி உண்டா, இல்லையா?

அந்தத் தலைவலி எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு வழக்கு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலச் சட்டத்தில், எந்தெந்த வேலைகளுக்குக் கூடுதல் நேரக் கூலி கிடையாது என்று ஒரு பட்டியல் இருந்தது. பட்டியலின் கடைசியில், அனுப்புவதற்குப் பொதி கட்டுவதையும் விநியோகத்தையும் குறிக்கிற சொற்கள் "அல்லது" என்ற சொல்லால் இணைந்திருந்தன. அந்த "அல்லது"க்கு முன் காற்புள்ளி இல்லை. விநியோகம் தனி வேலையா, பொதி கட்டுவதன் இன்னொரு நோக்கமா? பால் வண்டி ஓட்டுநர்கள் இரண்டாவது பொருளைப் பிடித்துக்கொண்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டத்தின் சொற்கள் தெளிவாக இல்லை என்று கூறி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. இதையே தமிழில் எழுதிப் பாருங்கள். "அனுப்புவதற்குப் பொதி கட்டுவதோ விநியோகிப்பதோ" என்றால் இரண்டு வேலைகள். "அனுப்புவதற்கோ விநியோகிப்பதற்கோ பொதி கட்டுவது" என்றால் ஒரு வேலை. "ஓ" எங்கே ஒட்டியிருக்கிறது என்பதிலேயே தீர்ப்பு முடிந்துவிட்டது. வக்கீலுக்கும் வேலையில்லை, காற்புள்ளிக்கும் வேலையில்லை.

எச்சங்களுக்குப் பின்னால்

தமிழ் வாக்கியம் நீள்வதே வினையெச்சங்களால்தான். "காலையில் எழுந்து, குளித்து, பூப்பறித்து, பூசையை முடித்துவிட்டுப் புறப்பட்டார்." தனித்தனிச் செயல்கள் என்பதால் காற்புள்ளி வரலாம். ஆனால் "எடுத்துக்கொண்டு வந்தான்", "போய்ச் சேர்ந்தாள்", "எழுதிப் பார்த்தேன்" ஆகியவற்றில் இரண்டு வினைகளும் ஒட்டி ஒரே செயலாகிவிட்டன. அங்கே வெட்டக் கூடாது.

குறி போட்டால் ஒற்று போய்விடும் என்பதையும் மறக்க வேண்டாம். "கடிதத்தை எடுத்துப் படித்தான்" என்று எழுதுகிறோம். நடுவில் நிறுத்தினால் "கடிதத்தை எடுத்து, பலமுறை படித்தான்". "எடுத்துப், பலமுறை" என்று ஒற்றும் குறியும் சேர்ந்து நிற்பதை அச்சிலேயே பார்த்திருக்கிறேன். வல்லினம் மிகுவது இரண்டு சொற்களும் தொடர்ந்து ஒலிப்பதால். நிறுத்தினால் மிகுவதற்குக் காரணமே இல்லை.

எச்சத்தோடு எதிர்மறை சேரும் இடத்தில்தான் உண்மையான ஆபத்து. "அவன் பயந்து ஓடவில்லை." ஓடினான், ஆனால் பயத்தால் அல்ல என்றும் கொள்ளலாம், பயத்தில் உறைந்து நின்றுவிட்டான் என்றும் கொள்ளலாம். "அவன் பயந்து, ஓடவில்லை" என்றால் இரண்டாவது பொருள் கொஞ்சம் தெளிகிறது. கொஞ்சம்தான். இந்த மாதிரி இடத்தில் நான் குறியை நம்புவதில்லை. "பயத்தில் ஓடாமல் நின்றுவிட்டான்", "ஓடினான், பயந்து அல்ல" என்று வாக்கியத்தையே திருப்பிவிடுவேன். ஒரு காற்புள்ளி மாறினால் தூக்குத் தண்டனை விடுதலையாகும் என்ற கதையை எல்லோரும் சொல்லியாகிவிட்டது. அந்த ராஜாவின் எழுத்தருக்கும் என் யோசனை இதுதான்: உயிர் போகிற விஷயத்தை இரண்டு வாக்கியமாக எழுதியிருக்கலாம்.

யார் ஓடியது?

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "காவலர் வேகமாக ஓடிவந்த பையனைப் பிடித்தார்."

வேகம் யாருடையது? "காவலர், வேகமாக ஓடிவந்த பையனைப் பிடித்தார்" என்றால் பையனுடையது. "காவலர் வேகமாக, ஓடிவந்த பையனைப் பிடித்தார்" என்றால் காவலருடையது. எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. பெயரெச்சம் பெயருக்கு முன்னால் வருவது தமிழின் இயல்பு. அதனால் எழுவாய்க்கும் பெயரெச்சத்துக்கும் இடையில் மாட்டிக்கொள்கிற சொல் எந்தப் பக்கமும் சாயும். உங்கள் வாக்கியத்தில் வினையடை நடுவில் வந்தால், முன்னால் ஒருமுறையும் பின்னால் ஒருமுறையும் நிறுத்தி வாய்விட்டுப் படியுங்கள். இரண்டும் பொருள் தந்தால் குறி கட்டாயம். அல்லது இடம் மாற்றுங்கள்: "ஓடிவந்த பையனைக் காவலர் வேகமாகப் பிடித்தார்."

"இறந்துபோன ஆசிரியரின் மகன்" என்பதும் இதே வகை. மறைந்தவர் யார்? "இறந்துபோன, ஆசிரியரின் மகன்" என்று பிரிப்பதைவிட "ஆசிரியரின் இறந்துபோன மகன்" என்று எழுதுவது நல்லது. அஞ்சலிச் செய்தியில் வாசகரை யூகிக்கவிடுவது பாவம்.

எழுவாய்க்குப் பின் காற்புள்ளி போடுவது செய்தித்தாள்களில் பரவலான பழக்கம். "அமைச்சர், நேற்று மதுரை வந்தார்" என்பதில் அதற்கு வேலை இல்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் நடுவே ஒரு ரயில் வண்டி நீளத்துக்குச் சொற்கள் இருந்தால் மட்டும் போடுங்கள். நான்கைந்து சொற்களுக்குள் வினை வந்துவிட்டால் விட்டுவிடுங்கள்.

மொழிபெயர்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "சென்னை, தமிழ்நாட்டின் தலைநகரம், கடற்கரையில் அமைந்துள்ளது." இரண்டு காற்புள்ளிகளுக்கு நடுவே விளக்கத்தைச் செருகுவது ஆங்கிலத்தின் வழி. தமிழுக்கு "ஆன" இருக்கிறது: "தமிழ்நாட்டின் தலைநகரமான சென்னை கடற்கரையில் அமைந்துள்ளது." மூலத்தில் இருந்த குறிகள் அப்படியே உங்கள் பிரதியிலும் இருந்தால், சொற்களை மட்டும்தான் மாற்றியிருக்கிறீர்கள்.

பேச்சு, கடிதம், எண்

நேர்கூற்றுக்கு முன் காற்புள்ளி வரும்: அப்பா, "நாளைக்கு வா" என்றார். "என்று" என்ற சொல்லுக்கு முன் வராது. "அவன் வருவான், என்று சொன்னாள்" தவறு. கதைகளில் "வா," என்றான் என மேற்கோளுக்குள் காற்புள்ளியை வைப்பது ஆங்கில நாவல்களிலிருந்து வந்த பழக்கம். "என்" என்ற வினையே மேற்கோளைத் தாங்கிப் பிடிப்பதால் அது தேவையில்லை என்பது என் கட்சி. பல பத்திரிகைகள் போடுகின்றன. எதைச் செய்தாலும் ஒரு கதை முழுவதும் ஒரே மாதிரி செய்யுங்கள்.

விளிக்குப் பின் கட்டாயம்: "அண்ணா, சொன்னது சரிதான்." குறியை எடுத்துவிட்டால் சொன்னதே அண்ணன்தான் என்றாகிவிடும். கடிதத்தில் "அன்புள்ள அக்காவுக்கு", "இப்படிக்கு" ஆகியவற்றின் பின்னும் முகவரியின் ஒவ்வொரு வரி முடிவிலும் காற்புள்ளி. முகவரியின் கடைசி வரியில் முற்றுப்புள்ளி. எண்களில் நம் முறை ஒரு லட்சத்துக்கு 1,00,000. எண்ணுக்குள் வரும் காற்புள்ளிக்குப் பின் இடம் விடக் கூடாது. "எனவே", "ஆகவே" என்று வாக்கியம் தொடங்கினால் காற்புள்ளி உங்கள் விருப்பம். "ஆனால்" என்பதற்குப் பின் நான் போடுவதில்லை.

அரைப்புள்ளிக்கு இரண்டே இடங்கள்

புதியவர்கள் இதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், அல்லது புதுப் பொம்மை கிடைத்ததுபோல் எங்கும் தூவுகிறார்கள். ஓர் இடத்தை மேலே பார்த்தோம்: தனித்தனியாக நிற்கக்கூடிய, ஆனால் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கிற இரண்டு வாக்கியங்கள். "அவர் ஊர் மதுரை; பிழைப்பு மும்பை." வினையே இல்லாத இத்தகைய வாக்கியங்களுக்கு அரைப்புள்ளி பிரமாதமாகப் பொருந்தும். சோதனை எளிது. அந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் தானாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் நொண்டினால் அங்கே அரைப்புள்ளிக்கு உரிமை இல்லை.

இரண்டாவது இடம், பட்டியலுக்குள் பட்டியல். சுற்றுலா நிரல் ஒன்று திருத்தத்துக்கு வந்தது: "முதல் நாள் மதுரை, அழகர்கோவில், இரண்டாம் நாள் ராமேஸ்வரம், தனுஷ்கோடி, மூன்றாம் நாள் சுசீந்திரம், கன்னியாகுமரி." வேகமாகப் படிப்பவர் அழகர்கோவிலுக்கு இரண்டாம் நாள் போய் நிற்பார். காற்புள்ளி ஊர்களைப் பிரிக்கட்டும். நாட்களைப் பிரிக்க அதைவிடப் பெரிய குறி வேண்டும். "முதல் நாள் மதுரை, அழகர்கோவில்; இரண்டாம் நாள் ராமேஸ்வரம், தனுஷ்கோடி; மூன்றாம் நாள் சுசீந்திரம், கன்னியாகுமரி." விருது பெற்றவர்களின் பெயர், ஊர், துறை என்று அடுக்கும்போதும் இதே முறை.

கடைசியாக, எடுக்கிற வேலை

ஒரு பத்தியைத் திருத்திக் காட்டுகிறேன். கட்டுரைப் போட்டிகளுக்கு வரும் பிரதிகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்:

"தஞ்சைப் பெரிய கோயில், ராஜராஜ சோழனால், கட்டப்பட்டது, 1010ஆம் ஆண்டு, பணி நிறைவடைந்தது, இன்றும், வழிபாடு நடக்கிறது, யுனெஸ்கோ, உலகப் பாரம்பரியச் சின்னமாக, 1987இல் அறிவித்தது."

ஒன்பது காற்புள்ளிகள். கட்டப்பட்டது, நிறைவடைந்தது, நடக்கிறது என்ற மூன்று வினைமுற்றுகளுக்குப் பின் வந்தவை முதல் படியிலேயே விழுந்துவிடும். கோயில், யுனெஸ்கோ என்ற இரண்டும் எழுவாய்கள். வினை பக்கத்திலேயே இருப்பதால் அவையும் போகலாம். மிச்சம் நான்கு. "ஆல்", "ஆக" என்ற உருபுகள் முன்பின் சொற்களைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. "ஆண்டு", "இன்றும்" காலம் காட்டுகிற சொற்கள், தாமாகவே வினையை நோக்கிப் போகும். எல்லாவற்றையும் எடுத்தபின்:

"முதலாம் ராஜராஜ சோழன் கட்டிய தஞ்சைப் பெரிய கோயிலின் பணி 1010ஆம் ஆண்டில் நிறைவடைந்தது. அங்கே இன்றும் வழிபாடு நடக்கிறது. யுனெஸ்கோ அதை 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது."

ஒரு காற்புள்ளிகூட மிஞ்சவில்லை. எல்லாப் பத்தியும் இப்படி வெறுமையாகிவிடும் என்று நினைக்க வேண்டாம்; இந்தக் கட்டுரையிலேயே எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். இரண்டொன்று தேவையில்லாததாகக்கூட இருக்கலாம். என் பிரதியை இன்னொருவர்தான் திருத்த வேண்டும்.

கைப்பேசியில் தட்டச்சு செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. குறிக்கு முன்னால் இடம் விடாமல் பின்னால் மட்டும் விடுங்கள். முன்னால் விட்டால் வரி மடங்கும்போது சொல் மேலேயே தங்கிவிடும். காற்புள்ளி மட்டும் அடுத்த வரியின் தொடக்கத்தில், பஸ்ஸைத் தவறவிட்டவனைப்போல, தனியாக நிற்கும்.